எட்டாவது பிட்

அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கிணற்று மோட்டாரை இயக்கும் பேனலைப் பழுது பார்க்கக் கொண்டுவந்திருந்தார். பழுது பார்க்க அதில் ஒன்றும் இல்லை. மூன்று ஃபேஸில் ஒன்று போனதால் பெட்டி மோட்டாரை நிறுத்தியிருந்தது. அதைத் திரையில் எழுதியும் காட்டியிருந்தது, ஆனால் ஆங்கிலத்தில். அவர் பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணி, சுவரிலிருந்து கழற்றி, இரண்டு பஸ் மாறி கோவை கணபதியில் உள்ள எங்கள் பட்டறைக்குத் தூக்கி வந்துவிட்டார். விவரம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தம்பி, எனக்குப் படிக்கத் தெரியும். உங்கள் பெட்டிக்குத்தான் தமிழ் தெரியவில்லை” என்றார்.

அந்தச் சொல் உறைத்தது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பேனல்களில் இத்தனை ஆண்டுகளாக நாங்கள் போட்டு வந்தது, வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டும் பழைய எல்சிடி. உள்ளே இருப்பது ஹிட்டாச்சியின் எச்டி44780, அல்லது அதன் வழியில் வந்த சிப். விலை குறைவு, உழைப்பு அதிகம், வெயிலிலும் படிக்கலாம். ஆனால் நாமாக வரைந்துகொள்ள அதில் கிடைக்கும் எழுத்துகள் 8 மட்டும். ஒவ்வொன்றும் 5 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். “மோட்டார் ஓடுகிறது” என்று எழுத என்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்: இரட்டைக்கொம்பு, ம, கால், ட், ட, ர், ஓ, டு, கி, ற, து. இரண்டே சொல்லுக்கு 11 வடிவங்கள். அவற்றிலும் ஐந்து புள்ளி அகலத்துக்குள் ‘ஓ’ அடங்காது. ‘ண’ வந்தால் மூன்று சுழிக்கும் இடம் கிடையாது.

ஆகவே 2.8 அங்குல வண்ணத் திரைக்கு மாறுவது என்று முடிவு செய்தேன். 240-க்கு 320 புள்ளிகள், உள்ளே ஐஎல்ஐ9341 என்ற கட்டுப்பாட்டுச் சிப். இந்தப் பக்கம் எங்கள் பலகையில், நிரலை ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலராக, 72 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஸ்டிஎம்32எஃப்103. நடுவே எஸ்பிஐ கம்பிகள், அதாவது ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஒரு பிட்டாகத் தரவு போகும் இணைப்பு. நான்கு நாளில் முடியும் என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரம் ஆயிற்று. எங்கே பிசகினேன் என்பதை விவரமாக எழுதிவைக்கிறேன். இதே வெள்ளைத் திரையை வெறித்துக்கொண்டு இப்போது வேறு யாராவது உட்கார்ந்திருக்கக்கூடும்.

பழைய எல்சிடியிலிருந்து தொடங்குகிறேன். என் பழக்கங்கள் எல்லாம் அதனிடம் கற்றவை. அந்தத் திரையில் மேல்வரிசை மட்டும் பதினாறு கறுப்புக் கட்டங்களாக நின்றால், மின்சாரம் வந்திருக்கிறது, நாம் சொன்ன எதுவும் போய்ச் சேரவில்லை என்று பொருள். அப்போது முதலில் பார்க்க வேண்டியது, தொடக்கத்தில் அனுப்பும் மூன்று ‘3’களை.

நான்கு கம்பியில் தரவு அனுப்பும்போது ஒவ்வொரு பைட்டும், அதாவது எட்டு பிட்டும், நான்கு நான்காக இரண்டு பாதியாகப் போகிறது. நம் மைக்ரோகன்ட்ரோலர் நடுவில் ஒருமுறை நின்று மறுபடி தொடங்கினால், எல்சிடி எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. எட்டுக் கம்பி முறையில் இருக்கலாம். நான்கு கம்பி முறையில் முதல் பாதிக்குக் காத்திருக்கலாம். அல்லது முதல் பாதியை வாங்கிக்கொண்டு மறுபாதிக்குக் காத்திருக்கலாம். ‘3’ என்பதை மூன்று முறை அனுப்பினால் இந்த மூன்று நிலைகளில் எதிலிருந்தாலும் அது எட்டுக் கம்பி முறைக்கு வந்து நின்றுவிடும். மறுபாதிக்குக் காத்திருந்தது என்றால், முதல் ‘3’ ஏதோ ஒரு பாதிக் கட்டளையை முடித்துவைக்கும்; அடுத்த இரண்டும் சேர்ந்து ‘33’ ஆகி வழிக்குக் கொண்டுவரும். முதல் ‘3’க்குப் பின் 4.1 மில்லி நொடி காத்திருக்கச் சொல்வதும் இதனால்தான். முடித்துவைத்த கட்டளை கர்சரைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோகும் கட்டளையாக இருந்துவிட்டால் அதற்கு ஒன்றரை மில்லி நொடிக்கு மேல் பிடிக்கும். எந்த நிலையில் இருக்கிறாய் என்று கேட்காமலே எதிராளியைத் தெரிந்த இடத்துக்கு அழைத்து வரும் இந்த ஏற்பாட்டை இப்போது பார்த்தாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் அந்தச் சிப்பைக் கேட்கவும் முடியும். ‘நான் வேலையாக இருக்கிறேன்’ என்று சொல்ல அதற்கு ஒரு கொடி, அதாவது ஆம்-இல்லை என்று காட்டும் ஒரு பிட், உண்டு. படிக்கவா எழுதவா என்று தெரிவிக்கும் கம்பியை உயர்த்தினால் அதை வாசிக்கலாம். நாங்கள் எல்லோரும் அந்தக் கம்பியைத் தரையோடு இணைத்துவிடுகிறோம். மைக்ரோகன்ட்ரோலரில் ஒரு கால் மிச்சம், ஒரு கம்பி மிச்சம். பதில் வரும் வழியை அடைத்துவிட்டு, காத்திருப்பு நேரத்தை உத்தேசமாகப் போட்டுக்கொள்கிறோம். புதிய வண்ணத் திரையிலும் அதே பழக்கத்தில் எஸ்டிஓ என்ற பின்னை, அதாவது திரையிலிருந்து தரவு திரும்பி வரும் காலை, வெறுமனே விட்டுவிட்டேன். மேசை மேல் வைத்துச் சோதித்த முதல் நாளே படம் வந்துவிட்டதால் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

முதல் நாளே படம் வந்தது என்பதை அழுத்திச் சொல்கிறேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை நிரம்பியது. “மோட்டார் ஓடுகிறது” என்று முழுத் தமிழில் எழுதியதும் பட்டறையில் இருந்த நால்வரும் வந்து பார்த்தார்கள். எஸ்பிஐ கடிகாரம் அப்போது 18 மெகாஹெர்ட்ஸ். திரையின் விவரத்தாளான டேட்டாஷீட், திரைக்குத் தரவு எழுத ஒரு சுழற்சிக்குக் குறைந்தது 100 நானோ நொடி கேட்கிறது. அதாவது 10 மெகாஹெர்ட்ஸ்தான் வரம்பு. வரம்பை மீறி ஓட்டினாலும் பெரும்பாலும் ஓடும் என்று பலரும் ஓட்டுகிறார்கள். ஆனால் வயல்வெளிப் பெட்டிக்கு அது சரிவராது. பேனலுக்குள் திரைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் நீள ரிப்பன் கம்பி போகும். பக்கத்திலேயே மோட்டாருக்கு மின்சாரம் போட்டு எடுக்கும் கான்டாக்டர் படபடவென்று விழும். எனவே ஒழுங்காக 9 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்தேன்.

படம் போயிற்று. திரை முழுவதும் வண்ணப் புள்ளிகள், கலங்கிய கோலப்பொடி போல.

கம்பிதான் காரணம் என்று நினைத்தேன். ரிப்பனைக் கழற்றிப் பழைய குட்டைக் கம்பிகளை மாட்டினேன். அதே புள்ளிகள். சால்டர் செய்த இடங்களை மறுபடி சூடுகாட்டினேன். 3.3 வோல்ட் சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரை வைத்தேன், 3.28 காட்டியது. பின்னொளி இழுக்கும் மின்சாரத்தில் வோல்டேஜ் சரிகிறதோ என்று அதற்குத் தனி வழி கொடுத்தேன். ரீசெட் காலை 10 மைக்ரோ நொடி தாழ்த்தினால் போதும் என்பதை 10 மில்லி நொடியாக்கினேன். அதன்பின் 120 மில்லி நொடி பொறுத்தேன். ஒன்றும் மாறவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் கடைசியில் செய்வதை நானும் செய்தேன்: கடிகாரத்தை இன்னும் குறைத்து 1.125 மெகாஹெர்ட்ஸில் வைத்தேன். புள்ளிகளும் போய்விட்டன. வெறும் வெள்ளை.

எங்கள் பட்டறையில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். படக்குழாய் டிவி காலத்திலிருந்து பழுது பார்க்கிறவர். நிரல் எழுதமாட்டார், ஆனால் மின்சாரம் எங்கே தடுமாறும் என்பது அவருக்கு அத்துப்படி. அன்று மாலை டீயோடு வந்து நின்றார்.

“என்ன தம்பி, நேற்று வந்த படம் இன்று இல்லையா?”

“வேகம் குறைத்தேன் அண்ணா. குறைக்கக் குறைக்க மோசமாகிறது.”

“வேகமாக ஓட்டினால் வருகிறதா?”

“வருகிறது.”

“அப்படியானால் கம்பியை விடுங்கள். கம்பியில் கோளாறு என்றால் வேகத்தில் போகும், மெதுவில் வரும். இது தலைகீழாக இருக்கிறது. யாரோ அவசரப்படுகிறார்கள். திரை அவசரப்படாது, அதற்கு நீங்கள்தான் துடிப்புக் கொடுக்கிறீர்கள்.”

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதன் முழுப் பொருளும் எனக்குப் புரிய மேலும் ஐந்து நாள் ஆயிற்று. ஆனால் அன்றே ரிப்பன் கம்பியைத் தொடுவதை நிறுத்தினேன். ஒரு வாரத்தை அவர் மிச்சப்படுத்திக் கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் முதல் வேலையாக எஸ்டிஓ காலுக்கு ஒரு கம்பி இழுத்தேன். பதில் வரும் வழியைத் திறந்தால்தான் மேற்கொண்டு போக முடியும் என்று பட்டது. இனி வரும் கட்டளை எண்கள் எல்லாம் பதினாறடிமானத்தில், அதாவது 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் இலக்கங்களாக வரும் முறையில். ஐஎல்ஐ9341-இல் 0ஏ என்ற கட்டளை திரையின் மின்நிலையைக் கேட்கும்; பதிலாக ஒரு பைட் வரும். அந்தப் பைட்டின் ஒவ்வொரு பிட்டும் ஒரு செய்தி: மின்னழுத்தம் உயர்த்தும் பகுதி ஓடுகிறதா, தூக்கத்திலிருந்து எழுந்தாயிற்றா, வழக்கமான முறையில் இருக்கிறதா, காட்சி போட்டாயிற்றா. ரீசெட் ஆன உடனே கேட்டால் 08 என்று வரவேண்டும். எல்லாத் தொடக்கக் கட்டளைகளும் போய்ச் சேர்ந்தபின் கேட்டால் 9சி.

ரீசெட் செய்து கேட்டேன். 08. அந்த ஒரு எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. திரை உயிரோடு இருக்கிறது, கம்பிகள் சரி, நான் கேட்பது அதற்குக் கேட்கிறது, அது சொல்வது எனக்கும் கேட்கிறது.

அடுத்து 1.125 மெகாஹெர்ட்ஸில் தொடக்கக் கட்டளைகளை அனுப்பிவிட்டுக் கேட்டேன். வந்தது 0சி.

இதை பிட் பிட்டாகப் பிரித்துப் பார்த்தேன். ‘காட்சி போடு’ பிட் ஏறியிருக்கிறது. ‘எழுந்துவிட்டேன்’ பிட் ஏறவில்லை. மின்னழுத்தம் உயர்த்தும் பகுதியும் ஓடவில்லை. அதாவது, நான் அனுப்பிய 29 என்ற கட்டளை போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்கு 120 மில்லி நொடிக்கு முன் அனுப்பிய 11, தூக்கத்திலிருந்து எழுப்பும் கட்டளை, சேரவில்லை. இரண்டும் ஒரே கம்பியில், ஒரே நிரல் துண்டின் வழியாக, ஒரே வேகத்தில் போனவை. ஒன்று சேர்ந்தது, ஒன்று சேரவில்லை. வெள்ளைத் திரை ஒரு வாரமாகச் சொல்லாததை இந்த ஒரு பைட் சொல்லிவிட்டது. 9 மெகாஹெர்ட்ஸில் வைத்துக் கேட்டால் பதில் 9சி. எல்லாம் சரி என்கிறது, திரையிலோ புள்ளிகள்தான்.

மூன்று வேகம், மூன்று விதமான நடத்தை. இனி ஊகத்துக்கு இடமில்லை என்று, கம்பிகள் உயர்வதையும் தாழ்வதையும் பதிவு செய்யும் லாஜிக் அனலைசரை எடுத்தேன். விலை குறைந்த எட்டு வழிக் கருவி. நொடிக்கு 24 மில்லியன் முறை மட்டும்தான் பார்க்கும். 18 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை அது பார்க்க முடியாது. ஆனால் 1.125-இல் ஒரு பிட்டுக்கு இருபது முறைக்கு மேல் பார்க்கும், தாராளம். கடிகாரக் கம்பியையும் தரவுக் கம்பியையும் மாட்டிப் பதிவு செய்தேன். பல்ஸ்வியூ மென்பொருள் பைட்டுகளாகப் பிரித்துக் காட்டியது. நிரலில் நான் எழுதியிருந்த பட்டியலை அச்சிட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். சி0 23, சி1 10, சி5 3இ 28, சி7 86, 36 48... ஒரு பிட் பிசகவில்லை.

இங்கேதான் இரண்டு நாள் போயிற்று. பைட்டுகள் சரியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தபின், திரைதான் கெட்டது என்ற முடிவுக்கு வந்து புதுத் திரை வாங்கி மாட்டினேன். அதுவும் அப்படியே நடந்துகொண்டது.

மூன்றாவது நாள்தான் உறைத்தது. திரைக்குப் போவது இரண்டு கம்பி அல்ல. கட்டளையா தரவா என்று சொல்லும் டிசி என்ற இன்னொரு கம்பியும் போகிறது. அது தாழ்ந்திருந்தால் வந்த பைட் கட்டளை; உயர்ந்திருந்தால் தரவு. அதை நான் பதிவே செய்யவில்லை. என் நிரலில் அது சரியாக இருப்பதால் கம்பியிலும் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வழியாக அதையும் மாட்டி, 26, 01 என்ற இரண்டு பைட்டுகள் போகும் இடத்தைப் பெரிதாக்கினேன்.

அந்தப் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. 26 என்பது திரையின் வெளிச்சப் படிநிலைகளை அமைக்கும் காமா வளைவைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை. 01 அதனுடைய தரவு. ஆகவே 26-இன் எட்டுத் துடிப்பும் முடியும்வரை டிசி தாழ்ந்திருந்து, அதன்பின் உயர வேண்டும். பதிவில் தெரிந்ததோ, 26-இன் முதல் துடிப்பு தொடங்கும்போதே டிசி உயர்ந்துவிடுகிறது. 01 போகும்போது உயர்ந்தே இருக்க வேண்டும். அதன் முதல் துடிப்பிலேயே தாழ்ந்துவிடுகிறது. டேட்டாஷீட்டைத் திறந்தேன். டிசி கம்பியைத் திரை எப்போது பார்க்கிறது என்று அதில் தெளிவாக வரைந்திருக்கிறது: ஒவ்வொரு பைட்டின் எட்டாவது பிட்டில், கடிகாரம் உயரும் கணத்தில். முதல் ஏழு பிட்டிலும் அது எப்படி இருந்தாலும் திரைக்குக் கவலை இல்லை. எட்டாவதில் என்னவாக இருக்கிறதோ அதுதான் அந்தப் பைட்டின் வகை.

எல்லாம் ஒரு பைட் முந்திக்கொண்டிருந்தன. என் கட்டளைகள் தரவாகப் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு கட்டளையின் கடைசித் தரவும் கட்டளையாகப் போய்ச் சேர்ந்தது. அச்சிட்ட பட்டியலை மறுபடி எடுத்து, இந்த முறை திரையின் காதால் படித்தேன். சி1 10: மின்னழுத்த அமைப்பு என்று நான் நினைத்தது. திரைக்குக் கேட்டது 10, அதாவது ‘தூங்கு’. சி5 3இ 28: திரைக்குக் கேட்டது 28, ‘காட்சியை நிறுத்து’. 26 01: திரைக்குக் கேட்டது 01, ‘எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்கு’. அது அப்படியே கேட்டு நடந்தது. 01 வந்தபின் அதற்கு 5 மில்லி நொடி அவகாசம் வேண்டும். என் நிரலோ கால் மில்லி நொடிக்குள் அடுத்தடுத்த பைட்டுகளைத் தள்ளிவிட்டு 11-ஐ அனுப்பியது. எழுப்பும் கட்டளை வீணாயிற்று. 120 மில்லி நொடி பொறுத்து அனுப்பிய 29 மட்டும் காதில் விழுந்தது. 0சி எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது. ஒரு வாரம் முழுக்க நான் அந்தத் திரையைத் தூங்கச் சொல்லியிருக்கிறேன். அது நான் சொன்ன சொல்லைத் தட்டவே இல்லை.

டிசி ஏன் முந்தியது? இதற்குப் பதில் மைக்ரோகன்ட்ரோலருக்குள் இருக்கிறது. என் பழைய பழக்கத்துக்குள்ளும் இருக்கிறது. நான் எஸ்பிஐ கற்றது ஏவிஆர் என்ற மைக்ரோகன்ட்ரோலர் குடும்பத்தில், ஏடிமெகா328-இல். அங்கே அனுப்பும் பக்கம் தனிக் கிடங்கு கிடையாது. பைட்டைப் பதிவகத்தில், அதாவது சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடத்தில், போட்டால் அது நேராக வெளியேறத் தொடங்கும். எட்டு பிட்டும் வெளியேறிய பின்தான் எஸ்பிஐஎஃப் என்ற கொடி ஏறும். கொடி ஏறினால் வேலை முடிந்தது. எஸ்டிஎம்32-இல் அனுப்பும் பக்கம் ஒரு கிடங்கும், அதற்குப் பின் பிட் பிட்டாகத் தள்ளும் பதிவகமும் தனித்தனியே இருக்கின்றன. டிஎக்ஸ்இ என்ற கொடி ஏறினால் கிடங்கு காலி என்று மட்டும்தான் பொருள். பைட் கிடங்கை விட்டுக் கிளம்பிவிட்டது; இன்னும் கம்பியில் போய்க்கொண்டிருக்கிறது. பஸ் ஏறிவிட்டான் என்பதும் ஊர் போய்ச் சேர்ந்தான் என்பதும் ஒன்றல்லவே. போய்ச் சேர்ந்ததைச் சொல்ல பிஎஸ்ஒய் என்று வேறொரு கொடி இருக்கிறது. அது இறங்க வேண்டும். நான் டிஎக்ஸ்இ ஏறியதும் டிசியை மாற்றினேன்.

வேகம் எப்படி உள்ளே வருகிறது என்றும் இப்போது கணக்கிடலாம். 18 மெகாஹெர்ட்ஸில் எட்டு பிட் போக, 72 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் 32 சுழற்சி எண்ணினால் போதும். நான் சோதனைக்காக எந்த மெருகேற்றலும் (ஆப்டிமைசேஷன்) இல்லாமல் கம்பைல் செய்த நிரல், ஒரு ஃபங்ஷனிலிருந்து திரும்பி அடுத்ததற்குள் நுழைவதற்கே அதற்கு மேல் எடுத்துக்கொண்டது. டிசி மாறுவதற்குள் பைட் போய்விட்டது. நிரல் சரியாக இருந்ததால் அல்ல, நிதானமாக இருந்ததால் படம் வந்தது. 9 மெகாஹெர்ட்ஸில் 64 சுழற்சி வேண்டும். தரவு முடிந்து கட்டளைக்குத் திரும்பும் நீண்ட வழி தப்பித்தது. கட்டளை முடிந்து தரவுக்குப் போகும் குறுக்கு வழி மாட்டிக்கொண்டது. தரவு எதையும் கூட எடுத்துக்கொள்ளாத 11, 29 போன்ற கட்டளைகள் மட்டும் சரியாகச் சேர்ந்தன. திரை எழுந்தது, காட்சி போட்டது. ஆனால் படம் வரையச் சொல்லும் 2சி போய்ச் சேராததால், மின்சாரம் வந்த நேரத்தில் நினைவகத்தில் கிடந்த குப்பையை அப்படியே காட்டியது. அதுதான் கோலப்பொடி. 1.125-இல் ஒரு பைட்டுக்கு 512 சுழற்சி. இரண்டு வழியும் மாட்டிக்கொண்டன. அண்ணா சொன்ன ‘யாரோ அவசரப்படுகிறார்கள்’ என்பது இதுதான்.

அப்படியானால் 0ஏ கேட்டபோது மட்டும் எப்படிச் சரியான பதில் வந்தது என்ற சந்தேகம் கடைசியாக இருந்தது. படிக்கும் நிரல் துண்டைப் பார்த்தேன். பதில் பைட்டை வாங்க வேண்டும் என்பதால் அங்கே ஆர்எக்ஸ்என்இ கொடிக்குக் காத்திருந்தேன். ஒரு பைட் முழுதாக உள்ளே வந்தால்தான் அது ஏறும். எஸ்பிஐயில் ஒரு பைட் உள்ளே வருவதும் ஒரு பைட் வெளியே போவதும் ஒரே எட்டுத் துடிப்பில் நடக்கிறவை. ஆகவே கேட்கும் வழியில் அந்தப் பிழை இயல்பாகவே இல்லை. எழுதும் வழியில் மட்டும்தான் இருந்தது.

திருத்தம் ஒரே வரி. டிஎக்ஸ்இ ஏறியபின் பிஎஸ்ஒய் இறங்கும்வரை காத்திரு. அதற்கு அப்புறம்தான் டிசியைத் தொடு. இதே விதி சிப்பைத் தேர்ந்தெடுக்கும் சிஎஸ் கம்பிக்கும் பொருந்தும். பிராசஸரை எதிர்பாராமல் தரவைத் தானே நகர்த்தும் டிஎம்ஏ வழியாக அனுப்புகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டிஎம்ஏ ‘முடிந்தது’ என்று சொல்வது, கடைசிப் பைட்டைக் கிடங்கில் போட்டுவிட்டேன் என்ற பொருளில்தான். அதற்குப் பின்னும் ஒன்றிரண்டு பைட்டுகள் வழியில் இருக்கும்.

வேண்டுமென்றே 1.125-இலேயே வைத்து ஓட்டினேன். ஒரு முழுத் திரைக்கு 1,53,600 பைட்டுகள். அந்த வேகத்தில் ஒரு நொடிக்குச் சற்று மேல். கறுப்பு மேலிருந்து கீழாகத் திரைச்சீலை இறங்குவதைப் போல இறங்கியது. அதன் மேல் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. இரட்டைக்கொம்பு, ம, கால். 0ஏ கேட்டேன். 9சி. இரவு முழுக்க ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தபோது அப்படியே நின்றது. பிறகு 9-க்கு ஏற்றி, மெருகேற்றலோடு கம்பைல் செய்து, ரிப்பன் கம்பியை மாட்டினேன். கடிகாரக் கம்பிக்குப் பக்கத்தில் தரைக் கம்பி ஒன்று, தொடக்கத்தில் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. எதுவும் அசையவில்லை.

எஸ்டிஓ கம்பியைக் கழற்றவில்லை. புதிய பலகையின் வரைபடத்திலேயே அதைச் சேர்த்துவிட்டேன். பேனலுக்குள் வைத்து கான்டாக்டரை இருநூறு முறை போட்டு எடுத்ததில், இரண்டு முறை திரை வெள்ளையானது. இந்த முறை அது உண்மையாகவே மின்னிரைச்சல்தான். இப்போது நிரல் ஐந்து நொடிக்கு ஒருமுறை 0ஏ கேட்கிறது. பதில் 9சி இல்லை என்றால் ரீசெட் செய்து மறுபடி தொடங்குகிறது. வெள்ளை ஐந்து நொடிக்கு மேல் நிற்பதில்லை. இதைச் செய்கிறவர்களுக்கு ஒன்று: தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தால் வாங்கும் பக்கத்தில் பழைய பைட் ஒன்று தேங்கிக் கிடக்கும். அதை வாசித்துக் கழித்துவிட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் திரை சொல்லாத பதிலைத் திரை சொன்னதாக எடுத்துக்கொள்வீர்கள்.

எல்லாம் முடிந்தது என்று அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று ஃபேஸுக்கும் மூன்று பட்டைகள் வரைந்திருந்தேன்: ஆர், ஒய், பி. சிவப்பு, மஞ்சள், நீலம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“தம்பி, ஆர் ஃபேஸ் நீலமாக இருக்கிறது.”

பார்த்தேன். ஆர் நீலம், பி சிவப்பு. ஒய் மஞ்சளாக இல்லை. வான நீலமாக நின்றது. அந்தக் குழப்பமான வாரத்தில் எதையெதையோ மாற்றிப் பார்த்தபோது, 36 கட்டளையின் தரவான 48-ஐ 40 ஆக்கிவிட்டு மறந்திருக்கிறேன். அந்த ஒரு பிட்தான் சிவப்பும் நீலமும் எந்த வரிசையில் என்பதைச் சொல்கிறது. வீட்டில் படம் பார்க்கும் திரையில் இது அழகுக் குறை. பேனலில், இந்த நிறத்தை நம்பி ஒருவர் கம்பியில் கை வைப்பார். 40-ஐ 48 ஆக்கி, மூன்று ஃபேஸையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி, எந்தப் பட்டை இறங்குகிறது என்று இருவரும் சரிபார்த்தோம். ஆர் கழற்றினால் சிவப்பு இறங்கியது. கீழே “ஒரு ஃபேஸ் இல்லை” என்று வந்தது.

“எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்” என்றார் அண்ணா. “கிணற்றடியில் கண்ணாடி போட்டுக்கொண்டு யாரும் நிற்கமாட்டார்கள்.”

32 புள்ளி உயரத்திலிருந்து 48-க்கு மாற்றியிருக்கிறேன். ‘ண’வின் மூன்று சுழியும் தனித்தனியாகத் தெரிகின்றன. அன்னூர்ப் பெரியவரின் பெட்டிக்கு வரும் வாரம் புதிய முகப்பைப் பொருத்தப் போகிறோம்.